மீட்டர் ஏறும்வரை

…பதினொன்று புள்ளி எட்டு, இல்லை, ஏழா, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், எட்டுதான், ஆனால் நிலைக்காத எட்டு, எந்த நிமிஷமும் ஏழாகப் போகிற எட்டு, வெளியே கோடரி இறங்கியது, தொப், கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது, ஒவ்வொரு தொப்புக்கும் அவள் தோள் தன்பாட்டில் ஒரு முறை தூக்கிப் போட்டது, சீ, மரத்தைத்தானே வெட்டுகிறான், உனக்கென்ன கேடு என்று தோளைத் திட்டினாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, கண் மட்டத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அந்த மீட்டர். கேரவனின் பாட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று சொல்லும். பன்னிரண்டுக்கு மேலே நின்றால் அவள் புருஷன் சீட்டியடிப்பான், கீழே போனால்... கீழே போனால் என்ன ஆகும் என்பதைத்தான் இடது முழங்கைக்கு மேலே மஞ்சளும் நீலமுமாகச் சுமந்துகொண்டு திரிகிறாள். லிஃப்ட் மெக்கானிக் அவன், கரன்ட் அவனுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி, பெண்டாட்டிதான் மூன்றாம் மனுஷி. ஒரு நேரத்தில் ஒரு விளக்கு, குழாயில் விரல் தடிமனுக்குத் தண்ணீர், ஃப்ரிட்ஜைத் திறக்கும்முன் எதை எடுக்கப் போகிறோம் என்று யோசித்துவிட்டுத் திறக்க வேண்டும். “லைட்டப் போட்டுட்டுதான் பல்லு தேய்ப்பியா? உன் வாய் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?” என்று நேற்று கேட்டான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்லவேளை வாயில் நுரை இருந்தது. அந்த ஃப்ரிட்ஜ் மட்டும் இரவும் பகலும் ம்ம்ம்ம் என்று முனகிக்கொண்டு பாட்டரியைக் குடிக்கும், அதைக் கேட்கக் கூடாது, உள்ளே இருப்பது அவனுடைய பீர், “ஃப்ரிட்ஜ் சுவிட்சுல கை வச்சே, கை இருக்காது.”

மூன்று நாளாக மேகம், அது கடவுள் செய்தது, ஆனால் இந்தக் காட்டுக்குள் கேரவனைக் கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தியது யார், கூரைமேல் சோலார் பலகை ஒட்டியிருக்கிறதே, அதற்கு வெயில் வேண்டாமா, வந்த அன்றைக்கே சொன்னாள், “என்னங்க, இங்க நிழலா இருக்கே,” அவ்வளவுதான் சொன்னாள், அதற்குத்தான் கதவிடுக்கில் அவள் கையை வைத்து அழுத்தினான். அழுத்திவிட்டு அன்று சாயங்காலமே ஐஸ் ஒத்தடம், நெற்றியில் முத்தம், என் ராசாத்தி இல்லையா. பாட்டரிக்குக்கூட அப்படித்தானாம், அவனே சொல்லிக் கொடுத்தது, சுமையை எடுத்ததும் மீட்டர் கடகடவென்று மேலே ஏறும், நம்பிவிடாதே, அது பொய் ஏற்றம், ஒரு விளக்கைப் போட்டுப் பார், உண்மை தெரியும். புருஷனைப் பற்றிப் புருஷனே இவ்வளவு தெளிவாகச் சொல்லுவானா... அக்காவிடம் சொன்னபோது அவள், “கோவக்காரருதான், ஆனா தங்கமான மனுஷன்டி,” என்றாள், தங்கத்தால் அடித்தால் வலிக்காது போல. ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை வார்டில் இவளே எத்தனை பேருக்குத் தையல் தட்டு நீட்டியிருக்கிறாள், படியில விழுந்துட்டேன் சிஸ்டர், பாத்ரூம்ல வழுக்கிடுச்சு சிஸ்டர், அவர்கள் கண்ணைப் பார்க்காமல் பஞ்சை நனைப்பாள், லீவு கேட்டபோது வார்டே சிரித்தது, “என்ன சிஸ்டர், ரெண்டாவது ஹனிமூனா?” தொப். நேற்று சாயங்காலம், கேரவனை இழுத்து வந்த ஜீப்பின் பின்னாலிருந்து தடித்த ஒயரை இழுத்து வந்து கேரவனில் செருகி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு பாட்டரிக்கு ஏற்றினான். பிறகு என்ஜினை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். பிளக்கைப் பிடுங்கவில்லை. இதே ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். பிடுங்காவிட்டால் கேரவன் ராத்திரி முழுக்க ஜீப்பின் பாட்டரியையும் உறிஞ்சிவிடும் என்பதும் தெரியும். சொல்லவில்லை. கதவிடுக்கு ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. பயம்தானே அது, பயம்தான்... வேறென்ன.

டீ போடச் சொல்லியிருந்தான். குழாயை விரல் தடிமனுக்குத் திறந்தாள், அடியில் பம்பு கர்ரென்று இழுத்தது, எட்டு, ஏழு, ஐந்து, மூடு மூடு மூடு, மூடிவிட்டாள், ஆனாலும் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, பீப் பீப் பீப், அதன் வாயை எங்கே பொத்துவது, பீப் பீப், வெளியே கோடரிச் சத்தம் நின்றது. நின்றதுதான் பெரிய சத்தம். படியில் பூட்ஸ், கேரவன் அவன் பக்கமாகச் சாய்ந்தது, கதவு, மரத்தூள் வாசனை, நல்லவேளை கோடரியை வெளியே போட்டுவிட்டு வந்திருக்கிறான், இதுகூட நல்லவேளையா, கொத்தாக மயிர் அவன் கைக்குள் போனது. “என்னத்தடி போட்ட?” “தண்ணிதாங்க...” முகம் மீட்டரில் மோதியது, மூக்குத்தண்டில் ஏதோ நொறுங்கியது, நாசி எலும்பு என்று அவளுக்குள்ளிருந்த நர்ஸ் அமைதியாகச் சொன்னாள், உதட்டில் உப்பு. “படி. என்ன இருக்குன்னு படி.” “பதினொன்னு புள்ளி...” மறுபடி மோதினான். “சத்தமா படி. நர்ஸுதானே? காய்ச்சல் பார்க்கத் தெரியுதுல்ல?” “அஞ்சு,” என்றாள், ரத்தம் எண்களின் மேல் புள்ளி புள்ளியாகத் தெறித்து எது எந்தப் புள்ளி என்று தெரியவில்லை. வயிற்றில் முழங்கால். தரை. தரையில் கிடந்து பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது, கதவோரம் ஜாக்கி கம்பி, கேரவன் ஆடாமலிருக்க நான்கு மூலைக்கும் கால் இறக்குகிற இரும்புக் கம்பி, பிடிக்க வசதியாக வளைந்திருக்கும், இறக்கிய பிறகு அவன்தான் உள்ளே போட்டு வைத்தான், துருப்பிடித்துவிடுமாம். “நேத்து அவ்வளவு ஏத்தினேன், எங்கடி போச்சு எல்லாம்?” என்று திட்டிக்கொண்டே அவன் இருக்கைப் பலகையைத் தூக்கி பாட்டரிப் பெட்டிக்குள் குனிந்தான், மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, பின்கழுத்து அவளுக்கு நேராக. அங்கே ஒரு மச்சம் உண்டு. காதுக்குப் பின்னால், மச்சத்துக்குச் சற்று மேலே, அந்த இடத்தில் எலும்பு மெல்லிசு.

தொப். கம்பி இறங்கினாலும் அதே சத்தம். மரமாக இருந்தால் என்ன, மனுஷனாக இருந்தால் என்ன, அதே சத்தம்தானா... அவன் திரும்பிப் பார்த்தான், கண்ணில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம், உட்கார்ந்திருந்த நாற்காலி பேசிவிட்டது போல. முதல் அடி அவளைக் காப்பாற்றிக்கொள்ள, சரி. இரண்டாவது? இரண்டாவது எதற்கு என்று பிறகு யோசிக்கலாம். அவன் பாட்டரிப் பெட்டியைக் கட்டிக்கொள்வது போலச் சரிந்து, பக்கவாட்டில் உருண்டு, நடைவழியை அடைத்துக்கொண்டு கிடந்தான். சாவி எங்கே, பேன்ட் பாக்கெட், வலது பக்கம், விட்டாள் கையை, எடுத்தாள், கால்களைத் தாண்டினாள், படியில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள், ஜீப் கதவைச் சாத்திப் பூட்டினாள், சாவி திருகினாள். டிக். அவ்வளவுதான். டிக், டிக். முன்பலகை விளக்குகள் தூக்கம் சொருகும் கண் மாதிரி மங்கிச் செத்தன. பிளக்! அவன் மறந்த பிளக், அவள் பார்த்த பிளக், வாயைத் திறந்திருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும், இப்போது ஜீப்பும் போய்விட்டது. போனில் டவர் கிடையாது, மண் ரோட்டுக்கு நடந்துபோவதென்றால் அரைநாள், உதை வாங்கிய இந்த வயிற்றோடு நூறு அடி போக முடியாது. ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்தபோது மூக்கிலிருந்து சொட்டியது. ஏன் சொல்லவில்லை, அவன் தப்பு செய்து மாட்டிக்கொள்ளட்டும் என்றுதானே, ஒருமுறையாவது அவன் தப்பு என்று ஊரறிய நிற்கட்டும் என்று... ஊரே இல்லாத இடத்தில்.

அப்போதுதான் வெயில் வந்தது. ஏளனம் பண்ணுவது போல, மூன்று நாள் ஒளிந்திருந்துவிட்டு இப்போது, மரங்களுக்கு அப்பால் வெட்டவெளியில், பளிச்சென்று. மடக்குகிற சோலார் பலகை ஒன்று கட்டிலுக்கு அடியில் இருக்கிறதே! உள்ளே போனாள், கால்களைத் தாண்டினாள், இழுத்தாள், தாண்டினாள், வெட்டவெளியில் விரித்து வைத்து நீள ஒயரைக் கேரவனில் மாட்டினாள், தன் நிழல் பலகைமேல் விழுவதைப் பார்த்துச் சட்டென்று நகர்ந்துகொண்டாள், இதுவும் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். ஜீப்பின் பிளக்கைப் பிடுங்கவில்லை. உறிஞ்சிய வழியாகவே திரும்பி ஏறட்டும். மறுபடி உள்ளே, மறுபடி தாண்டி, மீட்டரை முந்தானையால் துடைத்தாள், பதினொன்று புள்ளி ஐந்து, ஆறு, ஏறுகிறது, பொய் ஏற்றமா, இல்லை, நிஜமாகவே ஏறுகிறது, ஏழு, இதே கதியில் போனால் மத்தியானத்துக்குள் ஜீப் கிளம்பிவிடும், அவன் எழுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். விளக்கை அணைத்தாள். பம்பை அணைத்தாள். இன்வெர்ட்டர் வாயை மூடியிருந்தது. இன்னும் எது குடிக்கிறது, ஃப்ரிட்ஜ், கை நீண்டு அதன் சுவிட்சைத் தொட்டது, தொட்டு அங்கேயே நின்றது. ம்ம்ம்ம் என்று அது முனகிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை அவனைத் தாண்டினாள்? வார்டில் எவனோ ஊர் பேர் தெரியாத குடிகாரன் வந்து விழுந்தாலும் முதலில் கழுத்தில் இரண்டு விரலை வைக்கிற கை இது, இன்றைக்கு மீட்டரைத்தானே முதலில் பார்த்தது... அவன் எழுவதற்குள் என்று எந்த தைரியத்தில் நினைத்தாள், எழுவான் என்று யார் சொன்னது. சுவிட்சைத் தட்டினால் முனகல் நிற்கும், கேரவனுக்குள் வேறு ஒரு சத்தமும் மிச்சமிருக்காது, அவன் மூச்சு விடுகிறானா இல்லையா என்பது கேட்டுவிடும். மீட்டர் ஏழிலிருந்து மறுபடி ஆறுக்கு இறங்கியது. தட்டு, தட்டு என்று விரலிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.