திருடன்னு

மூன்றாம் நம்பர் மைக்கை, ஊரார் வால்யூம் என்று கூப்பிடுகிற சவுண்ட் செட்காரர் கடைசியாகத்தான் சோதித்தார். ஒன்றாம் நம்பர் மேடையில், சட்டமன்ற உறுப்பினருக்கு. இரண்டாம் நம்பர் உறுப்பினரைப் புகழ்கிறவருக்கு. மூன்றாம் நம்பர் கீழே நடுப்பாதையில் ஒற்றைக்காலில் நின்றது, அது மக்களுக்கு. பத்து மணிக் கூட்டத்துக்கு எட்டரைக்கே வந்து, கம்பிகளைத் தரையோடு ஒட்டி, ஒலிப்பெட்டிகளை இரண்டு மூலையிலும் நிறுத்தியாயிற்று. முன்பெல்லாம் மூன்றாம் நம்பரைத் தட்டி, “சோதனை, சோதனை, திட்டுறவங்க வரிசையில வந்து திட்டவும்” என்பார். மண்டபம் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தை வைத்துவிட்டுச் சிரிப்பாள். இன்றைக்கு விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். மைக்கின் அந்தக் கறுப்புப் பஞ்சுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனால், உள்ளே இருந்து யாராவது பதில் பேசிவிடுவார்களோ என்று அவருக்கு மூன்று மாதமாக ஒரு பயம்.

ஊரில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் சவுண்ட் செட் வால்யூமுடையதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் மட்டும் இருந்தது. ஒரே ஒலிப்பெட்டியில் காலையில் ஒருவரை வாழ்க என்றும் மாலையில் அவரையே ஒழிக என்றும் கத்தவைத்துப் பிழைக்கிறவருக்குக் கொள்கை என்று ஒன்று இருந்தால், அது கம்பி அறுந்துபோகக்கூடாது என்பதுதான். “என் பொட்டிக்கு நாக்கு கிடையாதுப்பா, தொண்டை மட்டும்தான்” என்பார். உறுப்பினரின் கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்த வால்யூமின் மச்சினன்தான் இந்த மக்கள் சந்திப்பு வேலையைப் பிடித்துக் கொடுத்தான். கூடவே ஒரு சின்ன ஏற்பாட்டையும் சொல்லிக் கொடுத்தான். கேள்வி கேட்கிறவர் எல்லை மீறினால் உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த நேரம் மூன்றாம் நம்பர் தானாகக் கோளாறாகிவிட வேண்டும். கடையில் நிற்கிற வாடிக்கையாளர் சரக்கைக் குறை சொல்லத் தொடங்கினால் மின்விசிறியைக் கூட்டி வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று வால்யூம் எடுத்துக்கொண்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லையே. ஒரு விரல் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான்.

போன கூட்டத்தில் நான்காவதாக எழுந்தவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே கடையிலிருந்து வந்திருந்தார். ஒலிப்பெட்டிகளின் முகத்துக்குக் கறுப்புத் துணி உறை தைத்துக் கொடுத்தவரும் அவரே. “நல்லா பேசுற பொட்டிண்ணே, முகத்தை மூடித் தைக்க மனசு வரல” என்று சொன்னவர். மெதுவாகப் பேசுவார், வாக்கியத்தை ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுவார். மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, “நம்ம உறுப்பினர் ஒரு திருடன்னு” என்றார். அங்கே ஒரு மூச்சு வாங்கினார். உறுப்பினரின் கை கண்ணாடிக்குப் போயிற்று. வால்யூமின் விரல் இறங்கிற்று.

நம் பேச்சில் வினை கடைசியில்தான் வரும். ஒருவன் வாழ்த்துகிறானா வைகிறானா என்பது வாக்கியம் முடிந்தால்தான் தெரியும். அன்றைக்கு மண்டபம் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. நடுப்பாதைக்கு இடப்பக்கம் உறுப்பினரின் ஆட்கள், வலப்பக்கம் எதிர்க்கட்சி. யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. இடப்பக்கம் முழுதும் “எவன்டா திருடன்” என்று எழுந்தது. வலப்பக்கம் முழுதும் “சொல்லட்டும்டா, உண்மையைத்தானே சொல்றான்” என்று எழுந்தது. நடுவில் தையல்காரர் செத்த மைக்கில் வாயசைத்துக்கொண்டு நின்றார். நாற்காலி ஒன்று பறந்தது. அவரை யார் வெளியே இழுத்தது, எந்தப் பக்கம் தள்ளியது என்பதற்கு நானூறு சாட்சிகள் இருந்தும் ஒருவர்கூட இல்லை. வாசல்படியில் பின்மண்டை அடிபட்டு, பத்தொன்பது நாள் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். காவல் நிலையத்தில் ‘தவறி விழுந்தார்’ என்று எழுதி வழக்கை மூடினார்கள்.

அதற்குப் பிறகுதான் செத்த தையல்காரருக்கு வியாபாரம் சூடுபிடித்தது. எதிர்க்கட்சி அவர் படத்தைப் போட்டு, ‘திருடனைத் திருடன் என்றவர்’ என்று சுவர் சுவராக ஒட்டியது. உறுப்பினரின் ஆட்கள் அதே சுவரில் ‘கூலிக்குக் கூவியவர்’ என்று ஒட்டினார்கள். இரண்டு சுவரொட்டியும் ஒரே அச்சகத்தில் அடித்தது என்பது வால்யூமுக்குத் தெரியும்.

வேறொன்றும் அவருக்கு மட்டும் தெரியும். மைக்கிலிருந்து வருகிற ஒலி அவர் மேசையில் இரண்டாகப் பிரியும். ஒன்று பெட்டிக்கு, ஒன்று பதிவுக்கு. விரல் இறக்கியது பெட்டிக்குப் போனதை மட்டும். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று நாளைக்கு யாராவது வந்து நின்றால் காட்ட வேண்டுமே என்று எந்தக் கூட்டத்தையும் பதிவு செய்து வைப்பது அவர் தொழில் பழக்கம். சாவுச் செய்தி வந்த அன்று நடுப்பகலில், கடையைப் பாதி சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

“நம்ம உறுப்பினர் ஒரு திருடன்னு... ஊரெல்லாம் பேசுறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. அதனாலதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன். எங்க தெரு நடைபாலத்துக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி இல்ல. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வழி. ஒரு தடவை நீங்களே வந்து நடந்து பாருங்க, நானும் கூட நடந்து வரேன்.” பின்னால் கூச்சல், நாற்காலி இழுபடும் சத்தம். அதற்கு ரொம்பக் கிட்டத்தில், பஞ்சை உரசிக்கொண்டு அந்தக் குரல்: “வால்யூம் அண்ணே, கேக்குதா?” கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. “அண்ணே... கேக்குதா?”

வால்யூம் அந்தப் பதிவை ஒரு தடவைதான் போட்டுக் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து யார் பேச்சும் அவருக்கு முழுதாகக் காதில் விழவில்லை. மனைவி “சாப்பிட” என்றால் “வாங்க” என்பது வருவதற்குள் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். மருத்துவரிடம் காதைக் காட்டினார். “காது பிரமாதமா இருக்கு, அதான் உங்க பிரச்சனை” என்று அவர் சிரித்தார்.

போன வாரம் தையல்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். காஜா எடுத்து எடுத்துக் கறுத்த கட்டைவிரல். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அண்ணே, எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அன்னைக்கு அவரு என்ன சொல்ல வந்தாரு?”

“என்னம்மா, ஊருக்கே தெரியுமே.”

“ஊருக்குப் பாதிதான் தெரியும். ஒரு பேச்சை முடிக்காம அவரு தட்டுல கை கழுவினதுகூட இல்லண்ணே. இவங்க வீரன்ங்கிறாங்க, அவங்க கூலிங்கிறாங்க. நான் குடும்பம் நடத்தின ஆளை ரெண்டு சுவத்துலயும் காணோம். என் மக பள்ளிக்கூடத்துல கேக்குறாங்களாம், உங்கப்பா எந்தப் பக்கம்னு.”

வால்யூம் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் சரக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார், சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு. இப்போதும் அதையே சொன்னார். “மைக் அணைஞ்சா எல்லாம் போச்சும்மா. ஒண்ணும் மிச்சமில்ல.”

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் நின்ற ஒலிப்பெட்டியின் உறையைத் தடவி, ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு தையலைப் பார்த்தாள். “இங்க நூல் விட்டிருக்கு. நான் வந்து போட்டுத் தரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது மணி பத்தேகால். மண்டபம் நிரம்பி, சுவரோரம் காவலர்கள். மச்சினன் மேசையில் வந்து சாய்ந்தான். “மாமா, தையல்காரன் வீட்டம்மா பேர் கொடுத்திருக்கு. ஆறாவது. கண்ணாடி கழண்டா விரல் இறங்கணும். இன்னொரு தடவை இந்த ஊர்ல மைக் கட்டணும்ல நீங்க?”

அவன் போன கையோடு எதிர்க்கட்சிச் செயலாளர் வந்தார், கையில் பூச்செண்டு இல்லாத குறை. “அண்ணே, அந்தம்மா பேசும்போது நல்லா தூக்கி விடுங்க. அழுதா கடைசி வரிசைக்கும் கேக்கணும்.”

“அழலைன்னா?” என்றார் வால்யூம்.

“அழும்ணே. அழாம எங்க போகும்?”

ஐந்து பேர் பேசி முடித்தார்கள். குடிநீர் என்றவரை வலப்பக்கம் கைதட்டி இடப்பக்கம் ஊளையிட்டது; நன்றி என்றவரை மாற்றிச் செய்தது. என்ன குடிநீர், எதற்கு நன்றி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆறாவது பெயர் வாசிக்கப்பட்டதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தன. வால்யூமுடைய பாக்கெட்டில் போன கூட்டத்தின் பதிவு இருந்த மெமரி கார்டு இருந்தது. ஏன் எடுத்து வந்தோம் என்று காலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் விட்டுவந்தால் அது தனியாகப் பேசும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. அவள் நடுப்பாதையில் நடந்து வருகிற நேரத்துக்குள் அவர் கை அதை இயந்திரத்தில் செருகியிருந்தது.

அவளுக்கு மைக் உயரம். தாங்கியை இறக்கத் தெரியாமல் அண்ணாந்து பேசினாள்.

“எனக்கு வேலை வேண்டாம், பணம் வேண்டாம். எங்க வீட்டுக்காரர் இதே இடத்துல நின்னு, நம்ம உறுப்பினர் ஒரு திருடன்னு...”

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். இடப்பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. வலப்பக்கம் கைதட்டத் தயாராகத் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன, அவள் அழவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. மண்டபத்தின் கடைசியில், வால்யூமின் மேசையைப் பார்த்தாள்.

“மிச்சத்தை எனக்குச் சொல்லத் தெரியல. அண்ணே, கேக்குதா?”

அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. மைக் முன்னால் நிற்கிற எவரும் கேட்கிற கேள்விதான் என்று வால்யூம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மேடையில் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். துணியைத் தேடினார். மச்சினன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேசையை நோக்கி வந்தான், “மாமா, மாமா” என்றபடி. எதிர்ப்பக்கத்திலிருந்து செயலாளரும் எழுந்து வந்தார், தூக்கச் சொல்லி இரண்டு கையாலும் சைகை காட்டியபடி.

வால்யூம் மூன்றாம் நம்பரை இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. பக்கத்தில் பதிவை ஓடவிடுகிற விசையை அழுத்தினார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. நானூறு பேர் நின்ற மண்டபத்தில் மேலே மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு இரண்டு மூலைகளிலும் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒலிப்பெட்டியின் முகத்தில் தைத்த அந்தக் கறுப்புத் துணி, நூல் விட்டிருந்த ஓரத்தில், உள்ளே ஆள் இருந்து மூச்சு வாங்குகிறாற்போல் மெல்ல முன்னால் உப்பி வந்தது.