பஞ்சுக்கல்

1

ஒரு மின்விசிறியை அணைத்த இடத்திலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. மராகேஷ் பல்கலைக்கழகத்தில் நாங்கள் கனிமவியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். கொளுத்தும் வெயில் காலம். ஆய்வகத்தில் இருந்தது ஒரே ஒரு விசிறி. அதைப் பேராசிரியை ஸ்கல்லி ஏன் அணைத்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

அட்லஸ் மலைக்குத் தெற்கே, கல் பச்சையாகப் பூக்கும் ஓர் ஊரில்...

(வேண்டாம். கல் பூக்கிறது என்றால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.)

பிறகு இப்படி:

இத்தோ தைரியமான பெண்.

(இதையும் அடித்துவிட்டேன். அன்று அவள் முதலில் செய்ததே பொய் சொன்னதுதான்.)

2

ஆளுக்கொரு கல் சொந்த ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஸ்கல்லி. அதை முடியைவிட மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நான் கொண்டுபோனது ஆற்றங்கரைக் கூழாங்கல். என் வகுப்புத் தோழி இத்தோவுடையது வெள்ளை நரம்போடிய பச்சைக் கல். ஊருக்கு மேலே இருக்கும் குவாரியில் அவள் அண்ணன் பஸ்ஸூ அந்தக் கல்லைத்தான் அரைக்கிறான். வீட்டு முற்றத்தில் கிடந்ததை எடுத்துவந்திருந்தாள்.

"இங்க வந்து பாரேன், பட்டு நூலு மாதிரி இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். கற்றை கற்றையாக இழைகள். நுண்ணோக்கியின் தட்டைத் திருப்பினால் எல்லாம் ஒன்றாக இருண்டு, ஒன்றாக ஒளிர்ந்தன. அவ்வளவு அழகு. மிச்சமிருந்த கல்லை அவள் பேச்சோடு பேச்சாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை நரம்பு பஞ்சுபோலப் பிரிந்து வந்தது.

அந்தப் பக்கமாக வந்த ஸ்கல்லி குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. நிமிர்ந்ததும் நேரே போய் விசிறியை அணைத்தார். கையை அசைக்காதே என்று இத்தோவிடம் மெதுவாகச் சொல்லி, குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினார். ஈரத்தோடு இரண்டு பைகளில் போட்டுக் கட்டினார். மேசையை ஈரத் துணியால் துடைத்தார். அதன் பிறகுதான் அந்தப் பெயரைச் சொன்னார்: கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பரீட்சைக்காக ஒரு வரி படித்திருந்தோம். இழை நுரையீரலில் தங்கும், பல வருடம் சத்தமில்லாமல் இருந்து ஆளைக் கொல்லும்.

"எந்த ஊர்க் கல்லும்மா இது?"

"சந்தையில வாங்கினேன், மேடம்."

"சந்தையில வாங்கினவளுக்கு மூஞ்சி இப்படி வெளுக்காது."

அவர் வற்புறுத்தவில்லை. ஊர் தெரியாமல் அதிகாரிகள் யாருக்கும் எழுத முடியாது, வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொல் என்றார்.

3

பஸ்ஸூவை முதல் வரைவில் ஒன்றும் தெரியாத முரடனாக எழுதியிருந்தேன். இத்தோ படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்கண்ணன் முட்டாள் இல்ல. திரும்ப எழுது" என்றாள். ஆகவே இது திரும்ப எழுதியது.

வெள்ளிக்கிழமை. இத்தோவின் ஊர் வீட்டில் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பஸ்ஸூ இருமி அடங்கும்வரை காத்திருந்து அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டான்.

"பஞ்சுக்கல்லுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்றோம். அது பிரியும்னு எனக்குத் தெரியாதா?"

"கொல்லும்னு தெரியுமாண்ணே?"

அவன் குவாரியை விட்டால் ஊரில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டான். பாதாம் மரங்கள் காய்ந்து மூன்று கோடை ஆகிவிட்டது. பாதி வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தூசியால்தான். கல்லை நனைத்து அரைக்கலாமே என்றாள் இத்தோ. குடிக்கவே லாரியில் தண்ணீர் வருகிறது என்றான் அவன்.

"நீ படிக்கிறதும் அந்தக் கல்லுலதான். ஊர் பேரச் சொல்லணும்னா சொல்லு. ஆனா இந்த வீட்டுலேர்ந்துதான் சேதி போச்சுன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

(அவன் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டான் என்று எழுதிப் பார்த்தேன். இல்லையாம். தட்டை அவனே எடுத்துப்போய்க் கழுவி வைத்தானாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றாள்.)

4

ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் முடிவெடுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் அம்மா பஸ்ஸூவின் வேலைச் சட்டையை உதறிக்கொண்டிருந்தார். சாய்ந்த வெயிலில் தூசி எழுந்து பளபளத்தது. ஒன்றிரண்டு இழை அம்மாவின் கன்னத்தில் ஒட்டியது. அவர் புறங்கையால் துடைத்துவிட்டு, மூச்சை இழுத்து மறுபடியும் உதறினார்.

இத்தோ ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வலித்ததாக அம்மா பிறகு சொன்னாராம். சட்டையைப் பிடுங்கித் தண்ணீர்க் குடத்துக்குள் அமுக்கினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர். அம்மா திட்டினார். பஸ்ஸூ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்களன்று ஸ்கல்லியிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டாள்.

5

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி எழுதி நானே வெட்டிவிட்டேன். அதிகாரிகள் வந்தார்கள், அரவை நின்றது. பலர் வேலை தேடி அகாதிர் நகரத்துக்குப் போனார்கள். ஊரில் மிஞ்சியவர்களில் சிலர் இத்தோவின் அம்மாவுக்கு ஸலாம் சொல்வதை நிறுத்தினார்கள். குவாரி ஆட்களுக்கெல்லாம் மராகேஷ் ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுக்க ஏற்பாடானது. பஸ்ஸூ வரமாட்டேன் என்றான். தங்கையிடம் பேசுவதையும் விட்டுவிட்டான். குளிர்காலத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து இறங்கினான்.

இத்தோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் படம் சுத்தமாக இருந்தது. படித்துப் பார்த்தால், அவள் சொன்னது வீண் என்பதுபோல் ஆகிவிட்டது. மற்றதில் படத்தில் கறை இருந்தது. அவள் சொன்னது சரி என்று காட்டுவதற்காகவே நான் ஒருவனை நோயாளியாக்கியதுபோல் பட்டது. இரண்டையும் கிழித்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும், திங்களன்று அவள் சரியாகத்தான் செய்தாளா என்பதையும் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். கதவு திறந்தது. பஸ்ஸூ கையில் பெரிய உறையோடு வெளியே வந்தான். இத்தோ என்னவென்று கேட்க வாயெடுத்தாள். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசினான்.

"ஒக்காரு தங்கச்சி. நின்னுக்கிட்டே கேக்காத."

அவள் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.