துவைக்கக் கூடாத கொடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் வால்டரின் கார் பட்டறையில் நான்கு பேர் ஒரே வீடியோவை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெச்சேரோஸ் குழு ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு பாட்டு போட்டிருக்கிறது. லெச்சேரோஸ் என்றால் பால்காரர்கள். ராக் குழுவுக்கு இதுவும் ஒரு பெயரா என்று தெம்பெர்லே பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், பல் இருக்காது.

வாசலில் கரி அடுப்பின் மேல் சோரிசோ, அதாவது குடலில் அடைத்த இறைச்சி, கருகிக்கொண்டிருந்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

"கோட்டுடா! நம்ம நானோ கோட்டு போட்டிருக்கான்!" என்று செலோ தலையில் அடித்துக்கொண்டான். தபால்காரன், ஐம்பதைத் தாண்டியும் அந்தக் குழுவின் பனியனைத் தவிர வேறு உடுப்பு தெரியாதவன். "முப்பது வருஷமா வேர்க்க விறுவிறுக்கப் பாடினவன், இப்ப கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான். அந்தக் குதிரை வேற. பாட்டுல எங்கயாவது குதிரை வருதா?"

"குதிரைன்னா சுதந்திரம், மாமா," என்றாள் வால்டரின் மகள் யனினா.

"சுதந்திரம் சாணி போடுது, நல்லாப் பாரு."

"உங்களுக்கு நாலு பேர் செவுத்தோரமா நின்னு கிட்டார் அடிச்சாத்தான் வீடியோ. காலம் மாறிப்போச்சு."

"காலம் மாறட்டும்மா. நானோ எதுக்கு மாறணும்?"

வால்டர் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஆரம்பித்தான். "குண்டா, நீ சும்மா இரு" என்று இரண்டு பக்கமும் சேர்ந்து அவன் வாயை அடைத்தது.

எல்லாரும் ஒல்லி என்று கூப்பிடும் ரொக்ஸானா மட்டும் பேசவில்லை. "இன்னொரு தடவை போடு" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. ஒல்லிக்கு வீடியோ பிடித்துவிட்டது, கட்சி மாறிவிட்டாள் என்று செலோவுக்கு ஏகப்பட்ட வருத்தம்.

பாட்டின் கடைசியில், தெற்கே கொமொதோரோவில் நடந்த கச்சேரி ஆறே நொடி வருகிறது. கம்பித் தடுப்பு, அதன் மேல் வரிசையாக ரசிகர்களின் கொடிகள். இடமிருந்து மூன்றாவது கொடியை ரொக்ஸானா முதல் தடவையே பார்த்துவிட்டாள். மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்ட பிள்ளை போல யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது தாங்கவில்லை.

"நிறுத்து! அங்க பாருங்க. நம்ம கொடி."

எட்டு மீட்டர் வெள்ளைத் துணி. 'தெம்பெர்லே' என்று ஊர்ப்பெயர், கறுப்பு எழுத்தில். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளே தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்தது. பட்டறையில் கூச்சல் காதைப் பிளந்தது. செலோ வால்டரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான்.

அந்தக் கொடியைக் காப்பவன் ஃபபியான். ரொக்ஸானாவின் ஃபபியான். எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தெற்கே கிளம்பியபோது கொடியையும் சுருட்டி எடுத்துக்கொண்டான். "ரெண்டே வருஷம், ஒல்லி. கொடியோட வந்து நிப்பேன்" என்றான். முதல் வருஷம் போன் வந்தது. அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை. அப்புறம் அதுவும் இல்லை. ஆனால் கொடியைக் காப்பவன் அதைத் தன் கையால்தான் இன்னொருவனிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த மரியாதை தெரியாதவன் அல்ல அவன். ஆகவே வருவான். அவள் கணக்கு அவ்வளவுதான். புதுக்கொடி தைத்துக் கொடு என்று இவர்கள் ஒன்பது வருஷமாகக் கெஞ்சுகிறார்கள். கல்லில் நார் உரிக்கிற வேலை. தைத்துவிட்டால் அவன் வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? கொடியில்லாத கூட்டம் என்று ஊர் ஊராகக் கேலி வாங்கினாலும் அவள் ஊசியைத் தொடவில்லை.

"இன்னும் நம்ம பேரைத்தான் தொங்கவிடுறான், பாத்தீங்களா?" என்றாள் ரொக்ஸானா. "மறக்கலை. அடுத்த மாசம் அங்க திரும்பக் கச்சேரி இருக்கு. நான் போறேன்."

"எல்லாரும் போவோம்!" என்றான் வால்டர்.

செலோ மட்டும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். மூக்கு அதில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

"இது ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

கொடியைத் துவைக்கக் கூடாது. இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு கச்சேரியின் மழையும் சேறும் வேர்வையும் அதில்தான் கிடக்கிறது. துவைத்தால் எல்லாம் சாக்கடையோடு போச்சு. முதல் எழுத்துக்குக் கீழே ஒரு திராட்சை ரசக் கறை உண்டு. மார் தெல் பிளாத்தா கச்சேரியில், முன்பின் தெரியாத ஒரு பையன் ரொக்ஸானா மேல் இடித்துக் கொட்டியது. அந்தப் பையன்தான் ஃபபியான்.

அந்த இடம் இப்போது பளிச்சென்று இருந்தது.

"துவைச்சிருக்கான்! படுபாவி, துவைச்சிட்டான்!" செலோ குதித்தான். "கோட்டைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிக்கமாட்டேன்!"

"லைட்டு வெளிச்சமா இருக்கும், மாமா," என்றாள் யனினா மெதுவாக.

"என்ன லைட்டு? மடிப்பு தெரியுது பாரு. இஸ்திரி போட்டிருக்கான்!"

ரொக்ஸானா எழுந்து திரையருகே வந்தாள். நான்காக மடித்துத் தேய்த்த கோடு, அலமாரியில் அடுக்கிய படுக்கை விரிப்பில் இருப்பது போல, நேராக இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவன் துவைக்கலைடா," என்றாள். "அவனுக்குச் சட்டையே துவைக்கத் தெரியாது. செத்தாலும் இதைத் துவைக்கமாட்டான்."

"பின்ன யாரு..." என்று ஆரம்பித்த வால்டர் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"விஷயம் தெரியாத ஒருத்தி. வீட்ல அழுக்குத் துணி கிடக்கேன்னு எடுத்துப் போட்டிருக்கா. நல்லாத்தான் துவைச்சிருக்கா. என்னாலகூட அந்தக் கறையை எடுத்திருக்க முடியாது."

செலோ பனியனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். ஃபபியான் மேல் ரொக்ஸானாவுக்குக் கோபம் வரவேண்டும், ஆனால் வரவில்லை; அவனைப் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது, முன்னைவிட அதிகமாக. இதுதான் கொடுமை.

திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "பத்து மீட்டர் துணி வாங்கிட்டு வா, செலோ," என்றாள். "எட்டு மீட்டர் பத்தாது. நல்ல கெட்டித் துணியா பாரு."

செலோ தலையை மட்டும் ஆட்டினான். வால்டர் போய்க் கரியான சோரிசோவை ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். பேச்சை எப்படியாவது மாற்றவேண்டுமே என்று யனினா கேட்டாள்: "நீங்க சொல்லவே இல்லையேக்கா. வீடியோ நல்லாருக்கா, இல்லையா? என் பக்கமா, செலோ மாமா பக்கமா?"

ரொக்ஸானா யோசித்தாள்.

"மூணு தடவை பாத்தேன்," என்றாள். "பாட்டு ஒரு வரிகூடக் காதுல விழலை, யனி. முதல்லேர்ந்து போடு, கேக்கறேன்."