அக்காவின் இமைகள்

மருத்துவர் ஊதாப் பேனாவால் இமையில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது டச்சப்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கோடு வளைந்துவிடும், வளைந்த கோட்டின் மேல்தான் நாளைக்குக் கத்தி போகும். இருபத்திரண்டு வருஷமாகப் போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் வேலைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படத்தில் தொங்கிய இமைகளை எல்லாம் மவுஸால் பிடித்து மேலே தள்ளியவள் அவள். மாப்பிள்ளை, மணப்பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பாஸ்போர்ட்டுக்கு வந்த பெரியவர் என்று ஊரில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துவிட்ட கை. ஸ்டூடியோவில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. டச்சப் அக்கா, டச்சப் மேடம், அவள் முதுகுக்குப் பின்னால் டச்சப்காரி. அங்கே கை தவறினால் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டிப் பழையபடி ஆக்கிவிடலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

கோடு போட்டு முடிந்ததும் ஒரு நர்ஸ் அவளை வெள்ளைச் சுவர் ஓரம் நிறுத்தினாள். பாஷை தெரியாத நாடு. நர்ஸ் தன் கைப்பேசியிடம் எதையோ முணுமுணுப்பாள், அது செய்தி வாசிப்பவரைப்போல விறைப்பாகத் தமிழில் சொல்லும். "தயவுசெய்து நேராக நோக்கவும்." ஒரு படம். "தயவுசெய்து கண்களை மூடவும்." ஒரு படம். "தயவுசெய்து தரையை நோக்கவும்." இன்னொன்று. விளக்கு நேர் உச்சியில் இருந்தது. பவுடர் இல்லை, பக்கத்து வெளிச்சம் இல்லை. இப்படி ஒரு வெளிச்சத்தில் எங்கள் முதலாளி தன் பங்காளியைக்கூடப் படம் எடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். கண்ணை மறைத்துத் தொங்கும் தோல், அதன் மேல் ஊதாக் கோடு, நெற்றியில் நாலு மடிப்பு. இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தலையாட்டிவைத்தாள்.

அந்தக் கண் அவள் அப்பா கொடுத்த சொத்து. வேறு சொத்து எதையும் அவர் கொடுக்கவில்லை, இதை மட்டும் இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். பாதி சாத்தின ஜன்னல் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எதிரில் இருப்பவரைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். தூக்கினால் இரண்டு பேருக்கும் தலைக்கனம் என்பார்கள், தூக்காவிட்டால் தூங்குமூஞ்சி என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாளெல்லாம் புருவத்தைத் தூக்கித் தூக்கியே சாயங்காலமானால் நெற்றி வலிக்கும். அக்காவும் தங்கையும் ஒருத்தி நெற்றியை இன்னொருத்தி அமுக்கிவிட்டே வளர்ந்தார்கள்.

சின்ன வயசில் செலோ டேப்பை நறுக்கி இமையில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பார்கள். பெரியவர்களான பிறகு, வெளிநாட்டில் இதற்கு ஆபரேஷன் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்று தெரிந்ததும் அக்கா சொன்னாள், "ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்டி. திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல நம்மள யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது." அக்காவின் பெண் வாலு காலேஜ் முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். வாலுவுக்குக் காலேஜ் முடியவில்லை, அதற்குள் அக்கா முடிந்துவிட்டாள். வயிற்றில் வந்த நோய் ஏழே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. கடைசி வாரத்தில் ஒருநாள், நெற்றியை அமுக்கிக்கொண்டிருந்த தங்கையின் கையைப் பிடித்து, "எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதே. நீ போய்ப் பண்ணிட்டு வா. ஒருத்தியாவது உலகத்தை முழுசாப் பார்ப்போமே," என்றாள்.

அக்காவின் சொல்லுக்காக வந்தேன் என்று டச்சப்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா போன பிறகு அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு நொடி திடுக்கிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். வாலு மட்டும் நேர்மாறு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சித்தி காய் நறுக்கும் நேரமாகப் பார்த்து எதிரில் வந்து உட்காருவாள். குனிந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். டச்சப்காரிக்குக் கத்தி கைநழுவும். காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் செத்துப்போனவள் நிற்கிறாள், வெளியே போனால் மற்றவர்கள் கண்ணிலும் அவளே நிற்கிறாள், அப்புறம் நான் எங்கேதான் இருக்கிறேன்? ஒருநாள் இந்தக் கேள்வி தாங்க முடியாமல்போனது. புது பிரிண்டிங் மெஷினுக்கு டிரெயினிங் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு விடுதி அறை, ஒரு கட்டில், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அதில் ஐஸ் பைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐஸ் வைக்க வேண்டும். இமை இரண்டும் சேர்ந்து கண் முழுதாக மூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை படுக்கும்போது களிம்பு போட வேண்டும் என்று கைப்பேசி விறைப்பாகச் சொல்லியிருந்தது. அழக் கூடாது, தையல் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தது. நான் எதற்கு அழப் போகிறேன் என்றுதான் அப்போது நினைத்தாள்.

நாலாம் நாள், ஐஸ் பைக்கு அடியில் கண் மரத்துக் கிடந்தபோது வாலுவிடமிருந்து குரல் செய்தி வந்தது. தடவித் தடவி அமுக்கிக் கேட்டாள்.

"சித்தி, டிரெயினிங் எப்படிப் போகுது? ஹால்ல மாட்டறதுக்கு அம்மா போட்டோ ஒண்ணு பெருசாப் போடச் சொல்லி அப்பா சொன்னாரு. நான் ரெண்டு நாளா எல்லாத்தையும் எடுத்து வெச்சுப் பார்க்கிறேன். எதுலயும் அம்மா இல்ல சித்தி. எல்லாத்துலயும் கண்ணை முழிச்சுக்கிட்டு யாரோ மாதிரி நிக்கிறாங்க. டச்சப் பண்றதுக்கு முந்தின படமெல்லாம் நீங்க வெச்சிருப்பீங்கல்ல? அதுல ஒண்ணு குடுங்க. இல்லன்னாலும் பரவால்ல. நீங்க வந்துருங்க. அம்மா கண்ணுதான் உங்ககிட்ட இருக்கே. நான் அதைப் பார்த்துக்கிறேன்."

டச்சப்காரி ஐஸ் பையை எடுக்கவில்லை. கைப்பேசி மார்பின் மேல் கிடந்தது. பழைய படம் ஒன்றுகூட இல்லை என்று அவளுக்குத் தெரியும், உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அது நிச்சயமாகத் தெரியும். ஸ்டூடியோவில் அது ஒரு சட்டம். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பெண் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ நான் அசிங்கமா?" என்று கேட்டுக் கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார், டச்சப் முடிந்ததும் பழையதன் மேலேயே சேவ் கொடு, பழைய மூஞ்சி யாருக்கும் தேவையில்லை. கை பழகிவிட்டது. அவள் வேலைக்குப் போகும் முன் வீட்டில் யாரும் படம் எடுத்ததில்லை, பிறகு எடுத்த வீட்டுப் படங்களும் அவள் கை வழியாகத்தான் போயின. அக்காவின் கல்யாண ஆல்பம், வாலு பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது, கைப்பேசியில் எடுத்ததுகூட "கொஞ்சம் டச் பண்ணிக் குடு" என்று அவளிடம்தான் வரும். ஒன்றுவிடாமல் அக்காவின் கண்ணைத் திறந்தாள், பழையதன் மேலேயே சேவ் கொடுத்தாள். அக்கா பார்த்துவிட்டு, "யாருடி இவ? எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா," என்று சிரிப்பாள். நோய் வந்த பிறகு படம் எடுக்கவே விடவில்லை.

ஆசையாகத்தான் செய்தாள். அக்காவை யாரும் தூங்குமூஞ்சி என்று சொல்லக் கூடாது, படத்திலாவது அவள் நிமிர்ந்து இருக்கட்டும் என்று செய்தாள். அந்த ஆசையே அக்காவைத் துடைத்து எடுத்துவிட்டது. கடைசியாக மிச்சமிருந்த ஒரே பிரதி அவள் முகத்தில் இருந்தது, அதையும் நாலு நாள் முன்னால் வெட்டிக் குப்பையில் போட்டாயிற்று. தையல் இருக்கிறது, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் அதையெல்லாம் கேட்கவில்லை, தையல் எரிந்தது.

தையல் பிரிக்கப் போன அன்று நர்ஸின் கைப்பேசியை வாங்கி, "அன்னைக்கு முதல்ல எடுத்தீங்களே, அந்தப் படம் எனக்கு வேணும்," என்றாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பேசி பதில் சொன்னது: "வழக்கமாக அனைவரும் அதை அழித்துவிடும்படி கேட்பார்கள்."

"அழிச்சிடாதீங்க," என்றாள் டச்சப்காரி. கைப்பேசி அதை எப்படிச் சொன்னதோ, நர்ஸ் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படங்களை அனுப்பிவைத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனாள். வாலுதான் கதவைத் திறந்தாள். "சி" என்று ஆரம்பித்த வாய் அப்படியே நின்றது. வீக்கம் இன்னும் வடியவில்லை, இமையோரம் சிவந்த கோடு. ஆனாலும் கண் இரண்டும் அகலமாக, யார் வீட்டுக் கண்ணோ மாதிரி திறந்திருந்தன. வாலு பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கு சித்தி. சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்க. தண்ணி கொண்டுவரேன்," என்று உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்ளர் வரவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்து, "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அதற்காகவும் சேர்த்துத்தான் போய் வந்தாள். இப்போது அந்தப் பார்வைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுப்படியில் வாலு குழாய்க்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏன் சித்தி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்தான்." குழாயை மூடினாள். "பழைய போட்டோ?"

"இல்லடி. மேலேயே சேவ் பண்ணிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வாலு திட்டியிருந்தால் தேவலை. அவள் தம்ளரைத் துடைத்து, தண்ணீர் பிடித்து, சித்தி கையில் கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூடியோ விடுமுறை. சாவி டச்சப்காரியிடம் இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு இரண்டு பேரும் குனிந்து உள்ளே போனார்கள். வாலு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். திரையில் ஒரு பக்கம் கடற்கரையில் எடுத்த அக்காவின் படம், கண்ணை அகல விழித்துக்கொண்டு. இன்னொரு பக்கம் வெள்ளைச் சுவர் முன்னால் டச்சப்காரி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே வைதுகொண்டு மவுஸைப் பிடித்தாள். முதலில் ஊதாக் கோட்டை அழித்தாள். பிறகு தன் பழைய இமைகளை வெட்டி எடுத்து, அக்காவின் கண்மேல் கொண்டுபோய் வைத்து, ஓரங்களைத் தேய்த்து, வெளிச்சத்தைச் சரிசெய்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கண்ணைக் கீழே இறக்குவது இதுதான் முதல் தடவை.

வாலு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா இல்ல சித்தி. இது நீங்க."

டச்சப்காரிக்கும் அது தெரிந்தது. ஒரே அச்சு, ஒரே அச்சு என்று ஊரே சொன்னது, இவளும் நம்பினாள், நம்பித்தான் வெட்டிக்கொண்டாள். இல்லை, ஒரே அச்சு இல்லை. அக்காவுக்கு வேறு மாதிரி. கடைக்கண் பக்கம் இன்னும் சரியும். இல்லை, நடுவில். இமையைக் கொஞ்சம் இறக்கினாள்.

"இது தூக்கம் வந்த மாதிரி இருக்கு," என்றாள் வாலு.

ஏற்றினாள்.

"இது கோவமா இருக்கற மாதிரி. அம்மா கோவத்துல இப்படி இருக்க மாட்டாங்க."

ஓரத்தை மட்டும் இழுத்தாள். "இப்போ?"

"தெரியல சித்தி." வாலுவின் குரல் உடைந்தது. "இவ்வளவு சீக்கிரமா எனக்கு மறந்துபோச்சா?"

"இரு. நான் நினைச்சுப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகம் இருக்கு. எத்தனை வருஷம் அமுக்கிவிட்ட நெத்தி," என்றாள் டச்சப்காரி. மவுஸை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, அக்காவை நினைத்துக் கண்ணை மூடினாள். இமைகள் இறங்கின, ஆனால் சேரவில்லை. அடியில் நூல் பருமனுக்கு ஓர் இடைவெளி, அதன் வழியாகத் திரையின் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. இன்னும் இறுக்கினாள். வெளிச்சம் போகவில்லை, அந்தக் கீற்றுக்குள் திரையிலிருந்த யாரோ ஒருத்தி கலங்கலாகத் தெரிந்தாள். கண்ணோரம் நனைந்து காது வரை இறங்கியது. பக்கத்தில் வாலு ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, சித்தியின் நெற்றியில் இரண்டு விரலை வைத்து மெல்ல அமுக்க ஆரம்பித்தாள்.