தொண்டையைப் பார்க்கும் கிளி

தராசு ரிப்பேர்காரர் வீட்டுக் கிளி ஒரு மூட்டை சிமெண்டின் எடையைத் தாண்டிய வாரத்தில்தான் கீழ்வீட்டு சீலிங் தொய்யத் தொடங்கியது. பார்வைக்கு அதே கிளிதான். ஓர் இறகு கூடவில்லை, கழுத்தில் சதை போடவில்லை. கையில் எடுத்தால் ஒரு கிளிக்கு என்ன எடையோ அதுதான் இருந்தது. எங்காவது இறக்கி வைத்தால்தான் வினை. முதலில் ஸ்டூலின் கால் ஒடிந்தது. பிறகு சாப்பாட்டு மேசை நடுவில் குழிந்தது. கடைசியில் கூண்டை வைத்த இடத்துத் தரை, டைல்ஸ் ஒன்றுகூட விரிசல் விடாமல், சட்டி போல இறங்கிவிட்டது. தராசுக்காரர் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைக் கொண்டுவந்து கிளியை ஏற்றிப் பார்த்தார். முள் ஓடி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, தராசில் கோளாறு இல்லை என்று மட்டும் சொன்னார். தொழிலில் அவர் பொய் சொன்னதே கிடையாது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடைமழை நாளொன்றில் ஜன்னல் வழியாக வந்து அவர் தோளில் உட்கார்ந்ததிலிருந்து அந்தக் கிளி சூரியகாந்தி விதையைத் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை. தின்ற விதை ஒவ்வொன்றும் போகிற வழி தெரியாமல் அதற்குள்ளேயே தங்கிவிட்டது. கொய்யா வைத்தால் உதைத்துத் தள்ளும். கீரை வைத்தால் அதன் மேல் எச்சமிடும்.

அவர் மனைவிக்கு இது புதிய அனுபவம் இல்லை. அவள் மார்க்கெட் தெருக் காய்கறிக் கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கூடைகளில் பச்சையும் சிவப்புமாக எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், புருஷன் உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் தவிர எதையும் தொடமாட்டார். கல்யாணமான புதிதில் காய்களைத் துருவிப் போட்டாள், அரைத்துப் போட்டாள், முட்டைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் கோபப்படாமல், கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டு எழுந்து போவார். அவளும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. கடைக்கு வருகிற எவளாவது, எங்க வீட்ல கீரைன்னா அவருக்கு உசுரு என்று பெருமை அடித்தால், அவள் பையில் அழுகல் தக்காளி ஒன்று தவறாமல் போய்ச் சேர்ந்தது.

கீழே குடியிருந்த ஓனரம்மா யாருக்கும் தலை வணங்கிப் பழக்கமில்லாதவர். இப்போது அவருடைய கூடத்து சீலிங், நனைந்த போர்வை காய்கிற கொடி போலத் தொங்கியதால், சொந்த வீட்டிலேயே குனிந்து நடக்க வேண்டியதாயிற்று. முதுகு அப்படியே பழகிப்போய்த் தெருவிலும் குனிந்தே நடந்தார். அக்கம்பக்கத்தார் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் குனிந்தார்கள். இந்த மரியாதை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. இருந்தாலும் தலையில் காரை உதிர்வது பிடிக்கவில்லை. ஒருநாள் மாடியேறி வந்து, குனிந்தபடியே, தீர்ப்பைச் சொன்னார்.

"என் தம்பி குடோன்ல தரை நல்லா கெட்டியா இருக்கு. மாசக் கடைசிக்குள்ள கிளிய அங்க விட்டுடுங்க. இல்லேன்னா நீங்களும் சேர்ந்து காலி பண்ணிடுங்க."

தராசுக்காரர் அன்று வறுவலைக்கூடத் தொடவில்லை. ஊரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன், எடைக்கற்களைத் துடைக்கும்போது தோளில் இருந்த கிளியிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். அவருக்கு அதன் மேல் உயிர். குடோன் இருட்டில் அது தனியாக இருப்பதை நினைத்து அவர் கண் கலங்கியதைப் பார்த்தபோது, மனைவிக்குக் கிளி மேல் இருந்த கொஞ்ச நஞ்சப் பொறாமையும் வற்றிப்போனது. மறுநாளே கடைக்கு லீவு போட்டுவிட்டு இருவருமாகக் கிளியைப் பறவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் எடையைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. விதை மட்டும் தின்கிற பறவைகள் இப்படித்தான், போன வருஷம் ஒரு புறா தண்டவாளத்தையே வளைத்துவிட்டது என்றார். திடீரென்று விதையை நிறுத்திப் பட்டினி போடக் கூடாது, ஈரல் கெட்டுவிடும். விதையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் காயைக் கூட்ட வேண்டும், காலையில் நல்ல பசி நேரத்தில் காயை முதலில் வைக்க வேண்டும். ஒருநாள் துருவல், ஒருநாள் வில்லை, ஒருநாள் கம்பியில் கோத்துத் தொங்கவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீட்டில் கிளிக்கு யாரைப் பிடிக்குமோ அவர் அதன் முன்னால் உட்கார்ந்து அதே காயை ரசித்துச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். தராசுக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் சுவரில் இருந்த பறவைப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

துருவலை அது தும்மியே பறக்கவிட்டது. வில்லையைச் சக்கரம் போல உருட்டி விளையாடியது. விதையோடு கலந்து வைத்தால் விதையை மட்டும் பொறுக்கிவிட்டு, கேரட் துண்டுகளைக் கிண்ணத்தின் ஓரத்தில் வரிசையாக அடுக்கியது. இந்த வரிசையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று அவள் சொன்னாள். தராசுக்காரர் வேறு வழியில்லாமல் ஒரு கேரட்டைக் கடித்து, கண்ணை மூடி மென்று, "பிரமாதம்" என்றார். உடனே வாயைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையை எடுத்து அதில் துப்பிவிட்டார். கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு ஒரு துண்டை எடுத்து மென்றது, அவர் குரலிலேயே "பிரமாதம்" என்றது, றெக்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தராசுக்காரர் பூரித்துப்போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் சீலிங் ஏறுவதற்குப் பதில் இன்னும் இறங்கியது. ஓனரம்மா தவழ வேண்டிய நிலைக்கு வந்தார். மாசக் கடைசி நெருங்கிய ஒரு காலையில், கூண்டைச் சுத்தம் செய்யக் கிளியைத் தூக்கியபோது, அதன் றெக்கைக்குள்ளிருந்து மென்ற கேரட், மென்ற பீன்ஸ், மென்ற பூசணி எல்லாம் பொலபொலவென்று கொட்டின. அவள் புருஷனின் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி அதன் பக்கத்தில் விரித்து வைத்தாள். இரண்டு குவியலும் நிறத்தில்கூட ஒன்றாக இருந்தன. அவர் திருட்டு முழி முழித்தார். கிளியும் அதே முழி முழித்தது.

"அது உங்க வாயைப் பாக்கல. தொண்டையப் பாக்குது."

"முழுங்கினா நம்பிடுமா?"

"முழுங்கித்தான் பாருங்களேன்."

அவர் ஒரு கேரட் துண்டை வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார், நெற்றி வியர்த்தது. கிளி அவர் கழுத்தருகே வந்து நின்று இமைக்காமல் பார்த்தது. தொண்டை மேலேறிக் கீழிறங்கியது. "பிரமாதம்" என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. கிளியும் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்தது, மென்றது, விழுங்கியது. கீழே ஓனரம்மா கூடத்தில் காரை உதிர்வது நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் பீன்ஸ் விழுங்கிய அன்று சீலிங் ஒரு விரலளவு ஏறியது. பூசணிக்கு ஒரு கையளவு. கீரைக்கு இரண்டு நாள் அடம் பிடித்தார், அந்த இரண்டு நாளும் சீலிங் அசையவில்லை, ஓனரம்மாவே மாடிக்குத் தவழ்ந்து வந்து அவரைக் கெஞ்சினார். மாசக் கடைசி கழிந்தது, குடோன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சில மாதங்களில் தரை சமமாகி, கிளி இறக்கி வைத்த இடத்திலும் கிளியின் எடைக்கே வந்து சேர்ந்தது. ஓனரம்மா நிமிர்ந்தும் நடக்கலாம் என்றானது, ஆனால் தெருவில் கிடைத்த மரியாதையை இழக்க மனமில்லாமல் வெளியே போகும்போது மட்டும் குனிந்துகொண்டார். தராசுக்காரரோ, கிளி இன்னும் கேட்குது என்று சொல்லிப் பூசணியை இரண்டாம் முறை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். அவள் கேட்டும் கேட்காத மாதிரி தட்டில் போட்டாள். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

பக்கத்து ஊர் மார்க்கெட்டில் தராசுகளைச் சரிபார்க்க அவர் சில நாள் போக வேண்டி வந்தபோது, தான் இல்லாமல் கிளி பழையபடி ஆகிவிடுமோ என்று தவித்தார். முட்டைக்கோஸையும் பீட்ரூட்டையும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்ததுமே வீட்டுக்குப் போன் போட்டு, கிளியின் காதருகே வைக்கச் சொன்னார். ஜன நெரிசலில், பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க, நொறுக் நொறுக்கென்று கோஸைக் கடித்து மென்று, சத்தம் கேட்கும்படி விழுங்கினார்.

அவள் கடையிலிருந்து கொண்டுவரும் பையிலிருந்து கிளி தானாகவே கீரையைத் திருடித் தின்னத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. அன்றும் விடிந்ததுமே ஒரு முழுக் கோஸ் இலையை முடித்துவிட்டு, அவள் தோளிலேயே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. போனைத் தன் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, புருஷன் காய் சாப்பிடுகிற சத்தத்தை ஆசை தீரக் கேட்டாள்.

"எடுத்துச்சா?" என்று கேட்டார் அவர்.

"இல்லியே. உங்க பக்கமே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு" என்றாள். "அந்த பீட்ரூட்டையும் கடிங்க."