மேகனாவின் திரை

வீட்டுப் பிரிண்டர் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மக்கர் செய்யாமல் இருந்திருந்தால், வாரிஜா தன் புருஷனின் அலுவலகத்துக்குப் போயிருக்கவே மாட்டாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்த வாசலை அவள் மிதித்தது இரண்டே முறை.

புருஷன் சுப்ராய ஹெக்டே ஹூப்ளியில் ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே இருக்கும் நாற்பது கம்ப்யூட்டர்களும் அவர் பொறுப்பு. புது மெஷின் வந்தால் பிரித்து, பூட்டி, உட்காருகிறவருக்குத் தகுந்தாற்போல் அமைத்துக் கொடுக்க வேண்டும். வாரிஜாவுக்கு வீட்டிலேயே வேலை. தார்வாடு வக்கீல்கள் அனுப்பும் கன்னடப் பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பாள். அன்று ஒரு நிலத் தகராறு மனு மதியத்துக்குள் காகிதத்தில் போய்ச் சேர வேண்டியிருந்தது. பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

சுப்ராயர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பெண், ஹெக்டே சார் வீட்டம்மாவா என்று கேட்டு, கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். விதைத் தரப் பிரிவில் வேலை பார்க்கும் மேகனா இனாம்தார் அவள். முப்பத்தைந்து வயதிருக்கும். இங்கேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தேநீர் சொல்லப் போனாள்.

வாரிஜா திரையைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

மழை விட்டதும் எடுத்த ஒரு பாக்குத் தோட்டத்தின் படம் திரை முழுக்க விரிந்திருந்தது. மேலே வைத்த எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படம் கொஞ்சம் மங்கலாக்கப்பட்டிருந்தது. வலது ஓரத்தில் நான்கே நான்கு ஃபோல்டர்கள். மிளகாய்க்கு ஒரு சிவப்பு மிளகாய், பருத்திக்கு வெடித்த பருத்தி, சோளத்துக்குக் கதிர், நிலக்கடலைக்கு ஒரு கடலை. எழுத்து கண்ணை உறுத்தாத அளவு. பிரிண்ட் எடுக்க எங்கே போவது என்று அவள் யோசிப்பதற்குள் கை தானாகவே அங்கே போய் நின்றது. இரண்டு நிமிஷத்தில் ஆறு பக்கமும் வெளியே வந்துவிட்டன.

தேநீரோடு வந்த மேகனாவிடம், இப்படியெல்லாம் யார் அமைத்துக் கொடுத்தது என்று கேட்டாள்.

"சார்தான் அக்கா. நாலு நாள் பக்கத்துலயே உக்காந்தாரு. நான் எதைத் தேடறேன், என் கை எங்க போகுதுன்னு பாத்துப் பாத்து வெச்சுக் குடுத்தாரு. படம்கூட அவரே கொண்டு வந்ததுதான். நீங்க குடுத்து வெச்சவங்க, வீட்டுல எப்படியெல்லாம் வெச்சிருப்பாரோ."

வாரிஜா சிரித்து வைத்தாள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தபோதுதான் படத்தின் இடது ஓரம் கண்ணில் பட்டது. ஒரு குடையின் நுனி. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அது அவளுடைய குடை. அந்தத் தோட்டம் சிர்சிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டுத் தோட்டம். போன ஆடியில் போயிருந்தபோது, "அப்படியே நில்லு" என்று சொல்லி அவர் எடுத்த படம். அதில் அவள் நின்றிருந்தாள். இப்போது இல்லை. குடை நுனியை மட்டும் விட்டு அவளை வெட்டி எடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து தன் கம்ப்யூட்டரைப் போட்டாள். பெட்டியிலிருந்து எடுத்த நாளில் இருந்த அதே வெறும் நீலம். அதன் மேல் எண்பது, தொண்ணூறு ஃபைல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. 'நியூ ஃபோல்டர் 7' என்ற ஒன்றுக்குள் 'நியூ ஃபோல்டர் 3' இருந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு காலையும் இதற்குள்தான் அவள் துழாவிக்கொண்டிருந்தாள். என் கை எங்கே போகிறதென்று இந்த மனுஷன் ஒரு நாள் பார்த்ததுண்டா? சாப்பிடும்போது சாம்பாரை நகர்த்தித் தருவதற்குத் தவிர வேறெதற்காவது பார்த்ததுண்டா? இரண்டு பேருக்குள் அப்படி இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்கூடத் தேவலை, சண்டை போட ஒரு பெயர் கிடைத்திருக்கும். நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதுதான் நெஞ்சுக்குள் கங்கு மாதிரி கிடந்தது.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிரிண்டரைப் பழுது பார்க்கவும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரமாகப் பார்த்து மறுபடியும் அலுவலகத்துக்குப் போனாள்.

அறையில் யாரும் இல்லை. எல்லோரும் மேலே சாப்பிடப் போயிருந்தார்கள். மேகனா திரையைப் பூட்டாமலே எழுந்து போயிருந்தாள். வாரிஜா உட்கார்ந்தாள். முதலில் திரையிலிருந்து தோட்டத்துப் படத்தை நீக்கினாள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். மிளகாயையும் பருத்தியையும் சோளத்தையும் கடலையையும் இழுத்து ஒரே ஃபோல்டருக்குள் தள்ளினாள். எழுத்தைச் சுருக்கினாள். மீதி எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து வந்தபடியே ஆக்கும் ஒரு பொத்தான் இருந்தது, அதையும் அமுக்கினாள். திரை வெறும் நீலமானது. அவள் வீட்டுத் திரைபோலவே ஆகிவிட்டது. ஒரு நிமிஷம் மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. யாரும் வருவதற்குள் எழுந்து போய் ஆட்டோ பிடித்தாள்.

அன்று சாயங்காலம் சுப்ராயர் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, மேகனாவின் கம்ப்யூட்டர் கலைந்துபோயிற்று, பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாம் வைத்துக் கொடுத்தேன் என்றார். கையும் காலும் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். தன் கையாலேயே அவரை மறுபடியும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம் என்று வாரிஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரொட்டியை அவர் தட்டில் போடாமல் கல்லிலேயே கருக விட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு இருவதுக்கு மாத்தியிருக்குன்னு மெஷின்லயே இருக்கு. வாசல் ரெஜிஸ்டர்ல ஒண்ணேகாலுக்கு உன் கையெழுத்து. நான் யாருகிட்டயும் சொல்லல. அப்டேட்ல போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். ஏன் வாரிஜா?"

"அது எங்கம்மா வீட்டுத் தோட்டம். என்னை வெட்டிட்டு அவளுக்குக் குடுத்திருக்கீங்க."

"பச்சையா ஏதாவது படம் இருந்தா போடுங்க சார்னு கேட்டா. என்கிட்ட இருந்ததுலயே நல்ல படம் அதான். ஆபீஸ்ல என் பொண்டாட்டி படத்தையா போட முடியும்?"

"படத்தை விடுங்க. நாலு நாள் உக்காந்தீங்களே, எனக்கு ஒரு நாள் உக்காந்தீங்களா?"

சுப்ராயர் விரலால் தட்டில் கோடு இழுத்தபடி இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவளுடைய கம்ப்யூட்டரை வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் உட்கார்ந்திருந்தார். வக்கீலுக்கு வக்கீல் தனி நிறம் வைத்தார். பத்திர வகைக்கு ஒரு குறி வைத்தார். சாயங்காலம் அவள் அண்ணன் வந்திருந்தபோது அவள் திரையைப் பார்த்தாள்.

"'இது என்ன சின்னப் பசங்க வெளையாட்டு, எனக்கு ஒண்ணுமே கெடைக்கல, இருந்த மாதிரியே ஆக்கிக் குடுங்க'ன்னு சொன்ன. உங்கண்ணன் சிரிச்சாரு. நான் அப்பவே எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் உன் மெஷின்ல கை வைக்கவே எனக்குப் பயம்."

வாரிஜாவுக்கு அப்படி ஒரு நாள் இருந்ததே நினைவில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பது மட்டும் தெரியும். அண்ணன் சிரித்திருப்பான் என்பதும் தெரியும்.

"எனக்கு வேணும்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே" என்றாள்.

"நீயும்தான் கேக்கல. அவ கேட்டா."

அந்த வார்த்தை சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனதும் அவர் போனிலிருந்து மேகனாவின் எண்ணை எடுத்துத் தன் போனில் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை நடந்தது அப்டேட் இல்லை, தான் செய்தது, அந்தத் தோட்டம் தன் அம்மா வீட்டுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். 

"லாக் ஸ்கிரீன்ல எம் பொண்ணு முதல் நாள் ஸ்கூலுக்குப் போன படம் வெச்சிருந்தேன் அக்கா. அதுவும் போயிடுச்சுன்னு நெனச்சு பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். அப்புறம் சார் தேடிக் குடுத்துட்டாரு." அவள் குரலில் கோபம் இல்லை, பழைய சிநேகமும் இல்லை. "அந்தத் தோட்டம் உங்களுதுன்னு எனக்குத் தெரியாது. படத்தை எடுத்துடறேன்."

வேண்டாம், இருக்கட்டும் என்று வாரிஜா சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்த சுப்ராயர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எதையும் மாற்றப்போவதில்லை, நீ உன் வேலையைச் செய், நான் பார்க்கிறேன் என்றார். அவள் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். அவர் ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பதினோரு வருஷமாகத் தட்டச்சு செய்து பழகிய விரல்கள் அன்று வரிக்கு இரண்டு தப்புச் செய்தன.

"பாத்துக்கிட்டே இருந்தா கை ஓடல."

"ஓடற வரைக்கும் பாக்கறேன்."

மத்தியானத்துக்குள் எழுத்தின் அளவுக்கு ஒரு சண்டை, வக்கீல் பெயர்களை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கு ஒரு சண்டை. குக்கரில் வைத்த சோறு குழைந்துபோனது. நிறங்களை அவள் ஒத்துக்கொண்டாள். பத்திரக் குறிகளில் இரண்டை வேண்டாம் என்றாள், அவர் எடுத்துவிட்டார்.

பொறாமை அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம் கதக் ஊர்க் கிளைக்கு எட்டுப் புது மெஷின் அமைக்க அவர் மூன்று நாள் போக வேண்டி வந்தது. பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, அங்கே உட்காரப்போகிறவர்கள் யார் யார் என்று வாரிஜா கேட்டாள். அவர் விரல் விட்டு எட்டுப் பேரையும் சொன்னார். ஆறாவது பெயரில் அவள் மடிப்பது நின்றது.

"ஜெயஸ்ரீயா? என்ன வயசு?"

"அடுத்த வருஷம் ரிட்டயர் ஆறாங்க" என்றார் சுப்ராயர், அவள் முகத்தைப் பார்க்காமல், மிகவும் கவனமாக.