சிலுவைச் சுவருக்கு ஊற்றிய தண்ணீர்

"ஏம்ப்பா, நடுக்கடல்ல கோயில் கட்டுனா யாரு வந்து கும்பிடுவா?" என்று போனில் ஒருமுறை அருணா கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. 

அவள் அப்பா பாலகுரு அரியலூர்ப் பக்கத்துக் கொத்தனார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, அபுதாபிக்கு மேற்கே ஒரு சின்னத் தீவில், மணலுக்கடியிலிருந்து பழைய தேவாலயம் ஒன்றைத் தோண்டி எடுக்கும் வேலையில் இருந்தான். மகளின் கேள்வியை ராதிகா மேடத்திடம் கொண்டுபோனான். கட்டடத்தை அளந்து வரைவதும் சுவர்களைக் காப்பதும் அவர் பொறுப்பு. ஆள் வரக்கூடாது என்றுதான் அந்தத் துறவிகள் இங்கே வந்தார்கள் என்றார் அவர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், பத்திருபது பேர். ஆளுக்கொரு சிற்றறை. பொதுவில் இந்தக் கோயில். நடுவில் கூடம், இரு பக்கமும் ஒடுங்கிய நடை, கிழக்கே ஒரு படி உயர்த்திய பீடம். கடலில் எடுத்த பவளக்கல்லைச் சுவராக்கி, மேலே ஜிப்சம் பூசி, ஈரம் காயுமுன் சிலுவையும் திராட்சைக்கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். யாரும் இதை இடிக்கவில்லை. இஸ்லாம் வந்த பிறகும் பல காலம் இங்கே ஜெபம் நடந்திருக்கிறது. ஆட்கள் குறைந்து, தானாக ஓய்ந்துபோனது.

பீடத்தருகே சிலுவை வெளிப்பட்ட அன்று வெயில் கடுமையாக இருந்தது. மாலைக்குள் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. பாலகுருவின் கை சும்மா இருக்கவில்லை. பூச்சு வெடித்தால் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது பதினாறு வயதிலிருந்து அவன் கை அறிந்த வேலை. எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் வாட்ச்மேன் மக்தூமின் தொட்டியிலிருந்து ஒரு கேன் பிடித்துவந்து, குழந்தைக்குத் தலை நனைப்பதுபோல மெதுவாக ஊற்றினான்.

காலையில் சுவர் வெள்ளையாகப் பூத்திருந்தது. சிலுவையின் ஒரு கை மாவாக உதிர்ந்து கிடந்தது. கல்லுக்குள் இருந்த கடலுப்பு தண்ணீரில் கரைந்து, காயும்போது மறுபடி கட்டியாகிப் பூச்சைத் தள்ளிவிட்டது என்றார் ராதிகா. பாலகுரு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

சூப்பர்வைசருக்கு விசாரணையே தேவைப்படவில்லை. அந்தச் சுவர் நிழலில்தான் மக்தூம் தினமும் பிற்பகல் அஸர் தொழுவார். தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்த தண்ணீர்தான் இது என்று சூப்பர்வைசர் முடிவுகட்டினார். மக்தூம் இரண்டு மணிப் படகில் போகட்டும், விசா கேன்சல், கலாஸ், கதை முடிந்தது.

கீழக்கரைக்காரர் மக்தூமுக்கு ஐம்பத்தெட்டு வயது. இனி விசா கொடுக்கும் எந்தக் கபீலும் அவரை எடுக்கமாட்டான். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தண்ணி என் பொறுப்புல இருந்துச்சு, சார்."

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவரிடம் பாலகுரு போய் நின்றான்.

"நான் கேன் எடுத்தத நீங்க பாத்தீங்கள்ல, பாய்?"

"பாத்தேன். அரியலூர்க்காரன் செவுத்துக்கும் சர்பத் குடுக்குறானேன்னு சிரிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"தாகத்துக்குக் குடுக்குற மாதிரி குடுத்தே. அதப் போயி எப்படித் தம்பி கோள் சொல்றது?"

மணி ஒன்று ஐம்பது. படகு என்ஜின் ஓடத் தொடங்கியது. வாயைத் திறந்தால் அந்தப் படகில் தான் ஏற வேண்டியிருக்கும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மனிதனைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த 'யாருக்கும் தெரியாது'தான். பாலகுரு ஓடினான். கரைக்கு அல்ல, ராதிகாவின் மேசைக்கு.

"நாந்தான் மேடம் ஊத்துனேன். வெடிப்பு அடையும்னு நெனச்சேன்."

ராதிகா நோட்டை எடுத்தார். பிறகு எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எழுந்து போய்ப் படகை நிறுத்தச் சொன்னார். எங்கே ஈரம் இறங்கியது என்று தெரிந்தவன் இவன் ஒருவன்தான், இவனை அனுப்பினால் மிச்சச் சுவரையும் இழப்பேன் என்று சூப்பர்வைசரிடம் வாதாடினார். கடைசியில் இரண்டு பேருமே தங்கினார்கள். ஆனால் பாலகுரு, தோண்டும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றுதான் இடம் காட்டலாம், உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது. தொட்டியைக் கவனிக்காத குற்றத்துக்கு, சுவருக்கு அணைகொடுக்க அறுபது மணல் மூட்டைகளை மக்தூம் தனியாளாகச் சனிக்கிழமை காலைக்குள் நிரப்ப வேண்டும். உதவினால் உதவியவனுக்கும் தண்டனை என்றார் சூப்பர்வைசர்.

வெள்ளிக்கிழமை மக்தூம் ஜும்மா தொழுகைக்காகப் படகில் கரைக்குப் போனார். இடுப்பைப் பிடித்தபடி அவர் நிரப்பியிருந்தது பதினொன்று. மற்றவர்கள் ஏசி அறைகளில் தூங்கினார்கள். பாலகுரு மண்வெட்டியோடு வெயிலில் இறங்கினான். சாக்கை விரித்து, நிரப்பி, கழுத்தைக் கட்டி, கயிற்றுக்கு வெளியே அடுக்கினான். உள்ளங்கை கொப்புளித்தது. பீடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தான், உள்ளே போகவில்லை.

அறுபதாவது மூட்டையைக் கட்டி முடித்ததும் மண்வெட்டியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தான். மணலில் பதிந்த தன் காலடிகளை ஓர் ஓலையால் பெருக்கினான். கடலில் படகு இன்னும் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.